‘யாழ்’ என்ற பெயர் இருபாலருக்கும் பொருந்துமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
ஐப்பசியில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. ஆணோ பெண்ணோ, ‘யாழ்’ என்றே பெயரிட விரும்புகிறோம். ஆனால் வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்றே சொல்லிப் பழகிய என் ஆயா, ஒத்திகை பார்த்தபோது ‘யாயி’ என்று அழைத்துவிட்டுத் தானே சிரித்துவிட்டார். இப்பெயர் வழக்கில் உள்ளதா? அழைப்பவர்களுக்குச் சிரமம் தருமா?

பதில் 1 (இராயபுரம், ஆசிரியை):
யாழினி, யாழிசை ஆகியவை பெண்களுக்குப் பரவலாக இடப்படுவதால், தனி ‘யாழ்’ என்றாலும் பலர் பெண்பெயராகவே எண்ணக்கூடும். ஆயினும் என் வகுப்பில் ‘எழில்’ என்ற பெயரில் ஒரு மாணவனும் ஒரு மாணவியும் இருக்கிறார்கள். குழப்பம் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. நுனிநாக்கை மேல்நோக்கி வளைத்து அண்ணத்தை வருடினால் ழகரம் பிறக்கும் எனத் தொல்காப்பியம் சொல்கிறது; அழுத்தி ஒட்டினால் அது ளகரமாகிவிடும். ஆயாவைத் திருத்த வேண்டாம், ‘யாயி’ நல்ல செல்லப்பெயர்தான்!

பதில் 2 (பெரம்பூர்):
என் மகன் பெயரும் யாழ்தான். வீட்டில் சிக்கலில்லை, ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ‘இசட், ஹெச்’ எழுதுவதால், தமிழறியாதவர்கள் தொலைபேசியில் ‘யாஸ்’ என்கிறார்கள். அவசரப்படாதீர்கள், பிறப்புப் பதிவில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

பதில் 3 (வியாசர்பாடி):
மழலையைக் கேளாதவரே யாழ் இனிது என்பர் என்கிறது 66ஆம் குறள். உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும்.