பின்கட்டு மாமரத்தில் பிஞ்சு நிற்கவில்லை, இலையெல்லாம் கறுப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி (கண்டனூர்):
வீட்டுப் பின்கட்டில் அப்பத்தா காலத்து நாட்டு மாமரம். காய் சின்னது, புளிப்பும் நாரும் அதிகம். ஆனால் வத்தலுக்கு எங்களுக்கு வேறு காய் பிடிக்காது. தையில் மரம் கொள்ளாமல் பூத்தது. இப்போது பூங்கொத்து கருகி, மிளகு அளவுப் பிஞ்சிலேயே கொட்டுகிறது. இலையைத் தொட்டால் பிசுபிசுப்பு, மேலே கரி பூசினாற்போல் கறுப்பு. வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை. வழி உண்டா?

பதில் (பள்ளத்தூர்):
வெட்டாதீர்கள் தம்பி. பூங்கொத்தை லேசாகத் தட்டுங்கள். குட்டிப் பூச்சிகள் படபடவென்று தத்திப் பறந்தால் தத்துப்பூச்சிதான். சாறு உறிஞ்சி அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூசணம் படர்கிறது.

லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலமாக, பட்டை இடுக்கு வரை நனையும்படி அடியுங்கள். பூச்சி ஒளிவது அங்கேதான். பூ விரிந்திருக்கும் கொத்தில் வேண்டாம். மகரந்தம் சேர்க்கும் ஈக்கள் வராமல் போய்விடும்.

கறுப்புக்கு மைதா. 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் வடிகட்டி, நல்ல வெயிலில் இலைமேல் தெளியுங்கள். காய்ந்து செதில் செதிலாக உரியும்போது பூசணமும் கூடவே வந்துவிடும்.

பூக்கும்போது தண்ணீர் விட்டீர்களா? அடுத்த முறை நிறுத்திவையுங்கள், பிஞ்சு பட்டாணி அளவானதும் விடலாம். காய்ப்பு முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்து வெயில் இறங்க வழி விடுங்கள்.

பதில் (தேவகோட்டை):
ஆச்சி சொல்கிறேன், கொட்டுவதெல்லாம் நோயில்லை அப்பச்சி. ஆயிரம் பூவுக்கு ஒன்றிரண்டு காய் தங்கினாலே பெரிது. வடுவுக்குக் காம்போடு பறித்ததுதான் ஆகும். விழுந்தது அடிபட்டு அழுகிவிடும். கொஞ்சம் பருத்து விழுந்தவற்றைக் கீறி, உப்பில் பிசறி வெயிலில் போடுங்கள். அந்த வத்தலை அரிசி களைந்த கழுநீரில் போட்டு மண்டி வைத்தால் ஒரு சட்டி சோறு போதாது.

கேள்வி (கண்டனூர்):
தட்டிப் பார்த்தேன், தத்துப்பூச்சியேதான். இன்று சாயங்காலம் வேப்பெண்ணெய் அடிக்கிறேன். இதன் கொட்டையை ஊன்றினால் இதே காய் வருமா?

பதில் (பள்ளத்தூர்):
நம் பக்கத்து மாவில் பெரும்பாலும் வராது. கொட்டையைக் கன்றாக்கி, அதன்மேல் இந்த மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்ட வேண்டும். பூக்காத கிளையில், மூன்று நான்கு மாதம் முற்றிய பென்சில் கனக் குச்சியாகப் பாருங்கள். எனக்கும் ஒரு குச்சி வேண்டும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.