ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 400 தாண்டினால் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எதை வைத்துத் தருவது?

தண்டையார்பேட்டையில் சின்ன லேப், செமி ஆட்டோ அனலைசர். இரண்டு வாரமாக ஒரே சிக்கல். உடல் பருமன் உள்ளவர்களில் (பிஎம்ஐ 30க்கு மேல்) சர்க்கரை இல்லாதவர்களுக்குக் சூத்திரத்தில் கணக்கிட்ட எல்டிஎல்லும் கிட்டில் நேராக அளக்கும் டைரக்ட் எல்டிஎல்லும் ஒத்துப்போகின்றன. கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒத்துப்போவதில்லை.

போன செவ்வாய் வந்த ஒரு சாம்பிள், மி.கி./டெ.லி. அளவில்: மொத்த கொலஸ்ட்ரால் 228, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, ட்ரைகிளிசரைடு 460. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுவது) 9.2%. சீரம் கலங்கல். ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி (மொத்தத்தில் எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது) 228−34−92 = 102; டைரக்ட் கிட்டில் 131. 400க்கு மேல் சூத்திரம் செல்லாது, தெரியும். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுக்கும்போது விஎல்டிஎல் (ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்) கொலஸ்ட்ரால் கூடுதலாக வந்து, எல்டிஎல் குறைந்து தெரிகிறது. அந்த 102ஐ நம்பி யாராவது கொலஸ்ட்ரால் மாத்திரையைக் குறைத்துவிட்டால் அடி நோயாளிக்குத்தான்.

12 மணி நேரம் வெறும் வயிற்றில் வரச்சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தாயிற்று. இரண்டு லெவல் கன்ட்ரோலும் (அளவு தெரிந்த சோதனை சாம்பிள்) சரி. ரீஏஜென்ட் புது லாட். சலைனில் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டி இரண்டால் பெருக்கினாலும் ட்ரைகிளிசரைடு அதே அளவுதான். ஆனால் இந்தக் கலங்கல் டைரக்ட் கிட்டையும் ஏமாற்றலாம், அதுதான் உறுத்துகிறது.

இத்தகைய சாம்பிளுக்கு நீங்கள் டைரக்ட் எல்டிஎல்லையே தருகிறீர்களா, இல்லை நான்-எச்டிஎல் (மொத்தத்தில் எச்டிஎல் கழித்தது, இதில் 194) மட்டும் போட்டு எல்டிஎல் கட்டத்தைக் காலியாக விடுகிறீர்களா?