தையல் பயிற்சிக்குக் காலாவதியான நூலும் பழைய கருவிகளும் தேவை

மதுரை மருத்துவ நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஹவுஸ் சர்ஜன்களாக (பயிற்சி மருத்துவர்களாக) பொறுப்பேற்கவிருக்கும் இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் சிலருக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாநகரில் என் வீட்டு மாடியில் காயங்களுக்குத் தையலிடும் பயிற்சி அளித்து வருகிறேன். 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், மாதிரிகளில் செய்முறை பழகும் திறன் ஆய்வகத்தை வலியுறுத்துகிறது. எனினும் கை தானாக முடிச்சிடும் அளவுக்குப் பழக, வகுப்பு நேரம் மட்டும் போதாது என்பது என் கருத்து. இரண்டு சுற்றையும் ஒரே திசையில் இட்டால் முடிச்சு நழுவும் என்பதைத் தேர்வில் பிழையின்றி எழுதுபவர்களே, வழுக்கும் நைலான் நூலைக் கையிலெடுத்ததும் அதைத்தான் செய்கிறார்கள். ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக இறக்கி, அதன் வளைவுக்கேற்ப மணிக்கட்டைத் திருப்புவதும் பழகப் பழகவே வரும்.

உங்கள் மருத்துவமனைகளில் காலாவதியான, உறை பிரிக்காத சில்க் அல்லது நைலான் நூல்களும், பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் கருவி), பல் உள்ள ஃபோர்செப்ஸ் (தோலைப் பிடிக்கும் இடுக்கி) ஆகியவையும் இருந்தால், நிர்வாகத்தின் அனுமதியோடு தந்துதவ வேண்டுகிறேன். நோயாளிகளுக்குப் பயன்பட்ட நூலோ ஊசியோ வேண்டாம். பயிற்சி முடிந்ததும் ஊசிகளை, துளைக்க முடியாத வெள்ளைக் கலனில் சேர்த்து முறைப்படி அகற்றிவிடுவோம்.

மற்றொன்று: தையல் பழகுவதற்காகக் கடைகளில் வாங்கும் ஆட்டுக்கால் பெரும்பாலும் தீயில் வாட்டியதாக இருப்பதால் தோல் விறைத்து, ஊசி இறங்க மறுக்கிறது (சூப்புக்கு அதுவே சிறப்பு). வாட்டாத ஆட்டுக்காலோ பன்றிக்காலோ ஞாயிறு காலையில் தரக்கூடிய கடை எது என்று நெல்பேட்டைப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.