மறு: கிளிப்லெஸ் பெடல், கிளீட் – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

மலைப்பாதை சைக்கிள் காலணிக் கையேட்டின் சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் இன்னும் இழுபறியில் இருக்கின்றன: கிளிப்லெஸ் பெடல் (காலணியைப் பிடித்துக்கொள்ளும் மிதி), கிளீட் (அந்தப் பிடிப்புக்காகக் காலணியின் அடியில் பொருத்தும் சிறு துண்டு).

வந்த பரிந்துரைகளில் 'கிளிப்பிலா மிதி', 'பிடிப்பிலி மிதி' இரண்டையும் முதலில் அடித்துவிடலாம். பழைய பந்தய சைக்கிள்களில் பெடலின்மேல் ஓர் இரும்புக் கூண்டு இருக்கும். விரல்களை அதற்குள் நுழைத்துத் தோல்வாரை இழுத்து இறுக்குவார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குக் காலணிப் பூட்டுகள் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல் கூண்டில்லாத பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அதை மிதித்து டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். போனது கூண்டு மட்டும்தான், பிடிப்பு முன்னைவிட அதிகம். 'பிடிப்பிலி' என்று எழுதினால் புதிதாக வாங்குபவர் கால் சும்மா வந்துவிடும் என்று நம்பி முதல் சிக்னலிலேயே விழுவார்.

என் பரிந்துரை: பெடலுக்குப் 'பூட்டுமிதி', கிளீட்டுக்குக் 'கொக்கி'. 'மாட்டுமிதி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மாடு மிதித்ததுபோல இருக்கிறது, வேண்டாம்.

———

> பெடலுக்குப் 'பூட்டுமிதி'

பூட்டு எண்டால் திறப்பு எங்கே எண்டு கேட்பினம். எங்கட பக்கம் 'கொளுவு' எண்டு ஒரு நல்ல சொல் இருக்கு, சட்டையை ஆணியில கொளுவுற மாதிரி. ஆனால் கொளுவுப்படுறது எண்டால் சண்டை பிடிக்கிறது எண்டும் அர்த்தம் வரும், அதால அதையும் விடுவம்.

பொறி எப்பிடி வேலை செய்யுது எண்டு பாருங்கோ. ஷிமானோ நிறுவனத்தின்ர எஸ்பிடி எண்ட பெடலில முன்னுக்கு அசையாத ஒரு உதடு, பின்னுக்கு ஸ்பிரிங் வைத்த ஒரு தாடை. கிளீட்டின் மூக்கை முன் உதட்டுக்குக் கீழே குடுத்து அமத்தினால் பின்தாடை விலகி, 'டக்' எண்டு மூடும். குதியை வெளிப்பக்கம் திருப்பினால் அதே தாடை விலகி விடும். இது பூட்டுறது இல்லை, கவ்வுறது. 'கவ்வுமிதி' எண்டு வையுங்கோ. சப்பாத்து கவ்வுப்பட்டது, விடுபட்டது எண்டு வினையும் தானா வரும்.

———

> கிளீட்டுக்குக் 'கொக்கி'

'கவ்வுமிதி'க்கு என் முழு ஒப்புதல். 'கொக்கி' மட்டும் சரிப்படாது. கொக்கி என்றால் வளைந்திருக்க வேண்டும். இது கட்டைவிரல் அகலத்தில் ஒரு தட்டையான உலோகத் துண்டு. காலணியின் அடியில் இரும்பு வைத்தால் அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு: லாடம். மாட்டுக்கும் குதிரைக்கும் மட்டுமல்ல, தேயாமலிருக்க பூட்ஸ் குதிகாலில் அடிப்பதும் லாடம்தான். தேயும், மாற்றுவோம், அடியில் இருக்கும். மூன்றுமே பொருந்துகின்றன. ஆணி அடிப்பதற்குப் பதில் போல்ட் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டியலில் அழகாகத் தெரிகிற சொல் பட்டறையில் தடுக்கும். அதனால் கையேட்டு வாக்கியங்களிலேயே போட்டுப் பார்த்தேன்:

"காலணி வாங்கும்போது அடியில் இரண்டு போல்ட்டுக்கான பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கவும். மூன்று துளை உள்ளது சாலைப் பந்தயக் காலணி. அதில் லாடம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பாறையில் இறங்கி நடக்க முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும் பாதை அதிகம் என்றால், கார்பன் அடியைவிட முன்விரல் பகுதி சற்று வளையும் நைலான் அடி மேல். படியேறிப் பார்க்கும்போது காலணிக்குள் குதிகால் தூக்கினால் ஓர் அளவு குறைக்கவும்."

"காலின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பாதத்தோடு சேரும் மூட்டுகளைக் காலணியின் பக்கத்தில் குறித்துக்கொள்ளவும். கவ்வுமிதியின் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் இடையே வரும்படி லாடத்தை வைக்கவும். இறக்கத்தில் ஓட்டுபவர்கள் அதிலிருந்து 5 முதல் 10 மி.மீ. வரை குதிகால் பக்கம் தள்ளுவார்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, 4 மி.மீ. ஆலன் கீயால் இரண்டையும் மாற்றி மாற்றி 5–6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும். முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்கவும்."

இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன். ஒரு போல்ட் கழன்று விழுந்தால், குதிகாலைத் திருப்பும்போது காலணிதான் திரும்பும், லாடம் தாடைக்குள் நின்ற இடத்திலேயே நிற்கும். கால் வராது. வண்டியோடு பக்கவாட்டில் சாய வேண்டியதுதான்.

"புதிய காலணி கவ்வவில்லை என்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லுமுன் பள்ளத்தின் ஓரத்தைப் பார்க்கவும். அடியின் ரப்பர் பற்கள் உயரமாக இருந்தால் மிதியின் உடலில் இடித்து, லாடத்தைத் தாடைவரை இறங்கவிடாது. இடிக்கும் இடத்தைக் கத்தியால் சீவவும், அல்லது லாடத்துக்கும் காலணியின் அடிக்கும் இடையே மெல்லிய தகடு வைக்கவும். ஸ்பிரிங் இறுக்கத்தை முதலில் மிகக் குறைவில் வைக்கவும். இரண்டு மிதி, ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கு இறுக்கத் திருகு, நான்கையும் ஒரே எண்ணிக்கைக் 'கிளிக்' திருப்பவும்."

"சேற்றில் ஓட்டிய பின் போல்ட் தலையின் குழியை ஊசியால் தோண்டிச் சுத்தம் செய்த பிறகே ஆலன் கீயைச் செருகவும். மண் இருந்தால் கீ அரைகுறையாக உட்கார்ந்து குழியை வழித்துவிடும். வழித்துவிட்டால் டி25 நட்சத்திர முனையைச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருப்பலாம். இன்சோலை வெளியே எடுத்து, காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்கவும். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் பசை விட்டு முன்பக்கம் வாய் பிளக்கும்."

'லாடம்' எங்கும் தடுக்கவில்லை. 'கொக்கி' என்று போட்டுப் படித்தால், ஓரிரு இடத்தில் மிதியில் இருப்பதா காலணியில் இருப்பதா என்று சந்தேகம் வருகிறது.

———

> மூன்றுமே பொருந்துகின்றன

கொக்கியைத் திரும்பப் பெறுகிறேன். ஷிமானோவின் இரண்டு வகை லாடங்களையும் பெயரில் பிரிக்கலாமா? எஸ்ஹெச்51 வெளிப்பக்கம் திருப்பினால் மட்டும் விடும். எஸ்ஹெச்56 எந்தப் பக்கம் திருப்பினாலும் விடும், பலமாக மேலே இழுத்தாலும் விட்டுவிடலாம். 'ஒருவழி லாடம்', 'பலவழி லாடம்' என்று எழுதியிருக்கிறேன். கிராங்க்பிரதர்ஸ் நிறுவனம் லாடத்தைப் பித்தளையில் செய்வது, சீக்கிரம் தேயும் என்பதைக் குறிப்பில் சேர்க்கிறேன்.

பாக்கி இருப்பது 'ஃபுளோட்'. கவ்விய நிலையில் விடுபடாமல் குதிகால் இப்படியும் அப்படியும் திரும்பும் அளவு. 'ஆட்டம்' போடலாமா?

———

> 'ஆட்டம்' போடலாமா?

கூடவே கூடாது. பெடலில ஆட்டம், பேரிங்கில ஆட்டம் எண்டால் எந்தக் கடையிலயும் பழுது எண்டுதான் விளங்கிக்கொள்ளுவினம். ஃபுளோட் பழுதில்லை, முழங்கால் நோகாமல் இருக்க வேணுமெண்டே விட்ட இடம். 'அசைவிடம்' எண்டு போடுங்கோ. பதிவு இப்பிடி வரட்டும்:

அசைவிடம்: லாடம் விடுபடாமல் திரும்பும் அளவு. ஷிமானோ எஸ்பிடியில் ஏறத்தாழ 4 பாகை. லாடம் தேயத் தேய இதைத் தாண்டி ஆடும், அது ஆட்டம். இழுக்கும்போது தானாகக் கழன்றால் இரண்டு லாடங்களையும் சேர்த்தே மாற்றவும்.