அழித்த ஆர்டர் திரும்ப வருது: கசாண்ட்ரா, மூணு நோடு

பலகாரக்கடை சிஸ்டம், காரைக்குடி
வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு மூணு கிளை உள்ள பலகாரக் கடைக்கு ஆர்டர் சாஃப்ட்வேர் பார்த்துக்கிறேன். கிளைக்கு ஒரு மெஷின் (நோடு), அப்பாச்சி கசாண்ட்ரா 4.1 டேட்டாபேஸ், ரெப்ளிகேஷன் 3, அதாவது எந்த ஆர்டரும் மூணு மெஷின்லயும் ஒரு காப்பி இருக்கும். படிக்க, எழுத ரெண்டுக்கும் ஒன் லெவல்தான், ஏதாவது ஒரு மெஷின் பதில் சொன்னாப் போதும். ரோட்டைத் தோண்டி ஃபைபர் அறுந்தாலும் கவுண்டர் நிக்கக் கூடாதுங்கிறது முதலாளி உத்தரவு.

இடி விழுந்து தேவகோட்டை மெஷின்ல போர்டு போயிடுச்சு. மாத்துப் போர்டு வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. மாட்டி, ஆன் பண்ணி, கசாண்ட்ராவோட நோட்டூல் கமாண்ட்ல ஃபுல் ரிப்பேர் (மூணு காப்பியையும் ஒப்பிட்டுச் சரிபண்றது) ஓட்டினேன். ஒரு எரரும் இல்ல. மறுநாள் விடிஞ்சா, ரத்தாகி அழிச்ச கல்யாண ஆர்டர் ஒண்ணு சமையக்கட்டுத் திரையில நிக்குது. ஆச்சி அதிரசத்துக்குப் பாகே வச்சுட்டாங்க. அழிச்சது எல்லாமும் வரல, கொஞ்சம்தான் வந்திருக்கு. அதான் மண்டை காயுது.

கண்டனூரான்
தம்பி, டிஸ்க் நல்லா இருந்ததுதான் வினை.

கசாண்ட்ராவுல டிலீட்னா அந்த வரி (ரோ) உடனே போகாது. ‘செத்துப்போச்சு’ன்னு ஒரு அடையாளம் எழுதும், டூம்ஸ்டோன். அதுக்குக் கெடு ஜிசி கிரேஸ் செகண்ட்ஸ், நீங்க மாத்தலேன்னா 864000, அதாவது 10 நாள். கெடு தாண்டி, டேட்டா ஃபைல்களைச் சேத்துச் சுத்தம் பண்ற கம்பேக்‌ஷன் ஓடுறப்ப வரியும் போகும், அடையாளமும் போகும். தேவகோட்டை படுத்திருந்ததால டிலீட் அங்க போய்ச் சேரல. ஹின்ட் (படுத்த நோடுக்காக மத்த நோடு சேத்து வைக்கிற எழுத்து) காப்பாத்தும்னு நினைக்காதீங்க, அது வழக்கமா 3 மணி நேரம்தான் சேத்து வைக்கும். நீங்க ரிப்பேர் ஓட்டினப்ப தேவகோட்டையில வரி இருக்கு, மத்த ரெண்டுல வரியும் இல்ல, செத்த அடையாளமும் இல்ல. ‘இவங்களுக்கு வந்து சேரல போல’ன்னு ரிப்பேர் அள்ளிக் குடுத்திடுச்சு. எதுக்கு இன்னும் கம்பேக்‌ஷன் ஓடலையோ அதுக்கு அடையாளம் இருந்தது, அது செத்தே கிடக்கு. உங்க கொஞ்சக் கணக்கு இதுதான்.

10 நாள் தாண்டிப் படுத்த நோடை பழைய டேட்டாவோட எழுப்பவே கூடாது. துடைச்சுட்டு, ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்ங்கிற ஆப்ஷன் குடுத்து, மத்த நோடுல இருந்து டேட்டாவைப் புதுசா ஏத்தணும். ஆனா இப்ப துடைச்சுப் பயன் இல்ல, மூணுலயும் பரவியாச்சு.

பலகாரக்கடை சிஸ்டம்
அண்ணே, அப்ப எது உசிரோட உள்ளது, எது செத்து வந்ததுன்னு எப்படிப் பிரிக்கிறது? ரிப்பேருக்கு முந்தின ராத்திரி காரைக்குடியில எடுத்த ஸ்னாப்ஷாட் (டேட்டாவோட அப்போதைய நகல்) இருக்கு.

கண்டனூரான்
அது போதும். தனி மெஷின்ல ஏத்திப் பாருங்க. அதுல இல்லாம இப்ப இருக்கிற வரியா, ரைட்டைம் (அது எழுதப்பட்ட நேரம்) இடி விழுந்த நாளுக்கு முந்தியதா, அப்ப அது பேய்தான். மறுபடி டிலீட் குடுங்க. புது நேரம் பழசை அடிச்சிரும், அதுக்கு மெஷின் கடிகாரம் மூணுலயும் குரோனியில (நேரத்தை ஒத்து வைக்கிற புரோகிராம்) ஒட்டி ஓடணும். இடி விழுந்த அன்னிக்கு தேவகோட்டை கவுண்டர்ல எடுத்தது மட்டும், மத்த ரெண்டுக்கும் போய்ச் சேராத நிஜ ஆர்டரா இருக்கலாம், அதை ரசீதோட ஒத்துப் பாருங்க.

தேவகோட்டை டிபிஏ
மூணு கிளைக்கு கசாண்ட்ராவான்னுதான் முதல்ல கேக்கத் தோணுச்சு, லைன் அறுந்தா கவுண்டர் நிக்கக் கூடாதுன்னா சரி. ஆனா ஆர்டரை எதுக்கு டிலீட் பண்றீங்க? நம்ம ஊர்ப் பேரேட்டுல ஒரு வரியை யாரும் சுரண்டி எடுக்க மாட்டாங்க, எதிர்ப்பதிவுதான் போடுவாங்க. டேபிள்ல ‘நிலை’ன்னு ஒரு பத்தி (column) வச்சு ‘ரத்து’ன்னு எழுதுங்க. அது சாதாரண எழுத்து, டூம்ஸ்டோன் இல்ல. எத்தனை நாள் படுத்த நோடு எழுந்தாலும் கடைசியா எழுதினதுதான் நிக்கும். வாரம் ஒரு ரிப்பேர் அப்பவும் வேணும்.

பலகாரக்கடை சிஸ்டம்
ரிப்பேரை ஞாயிறு ராத்திரி தானா ஓடுற மாதிரி கிரான்ல போட்டாச்சு. ஸ்னாப்ஷாட் ஏறிக்கிட்டிருக்கு. நிலைப் பத்தி வச்சா சமையக்கட்டுத் திரை, பில், வண்டி லிஸ்ட்னு எல்லா ரிப்போர்ட்டும் மாறணும். மார்கழியில முகூர்த்தம் கிடையாது, அப்ப கை வைக்கிறேன்.