காமா நைஃப்: பெருமை லெக்செல்லுக்கா, ஸ்கேனுக்கா?

தூண்டில்: ஸ்டீரியோடாக்டிக் கதிர் அறுவை (மண்டையைத் திறக்காமல் மூளையின் ஒரு புள்ளியைக் கதிர்களால் குறிவைத்துத் தாக்குவது) என்று பேச்சு வந்தாலே சுவீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் புராணம்தான். 1951இல் அதற்குப் பெயர் வைத்தவர் அவர், சரி. ஆனால் சி.டி. ஸ்கேன் வராமல் போயிருந்தால் அவருடைய காமா நைஃப் கருவி ஸ்டாக்ஹோமைத் தாண்டியிருக்குமா?

கதிரவன்: பெயர் வைத்ததோடு நின்றாரா? தலையில் பொருத்தும் வளைவுச் சட்டத்தை 1949இலேயே செய்துவிட்டார். வளைவின் மையத்தில் இலக்கு இருந்தால் போதும், எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் அந்தப் புள்ளிக்கே போய்ச் சேரும். முதலில் ஊசிக்குப் பதில் எக்ஸ்ரே குழாயை மாட்டிப் பார்த்தார். அப்புறம் உப்சாலாவில் ஆய்வாளர் பொர்யே லார்சனோடு புரோட்டான் கற்றை. 1968இல் காமா கதிர் வீசும் 179 கோபால்ட்-60 மூலங்கள் கொண்ட இயந்திரம், அதுதான் காமா நைஃப். ஒவ்வொரு கதிரும் தனியாக வலுவில்லாதது, வழியிலுள்ள திசு தப்பிவிடும். எல்லாம் கூடும் இடத்தில்தான் அடி.

தூண்டில்: வடிவமைப்பு அபாரம், மறுக்கவில்லை. இலக்கு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சாதாரண எக்ஸ்ரேயில் மூளைத் திசு தெரியாது. முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, மூளை அறைகளின் நிழலைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். நோயாளிக்குக் கடும் தலைவலி வேறு. கருவி மில்லிமீட்டர் சுத்தம், படம் குத்துமதிப்பு! அதனால்தான் முதல் இயந்திரத்தையே கட்டிகளுக்காக அல்ல, தீராவலி போன்றவற்றுக்கு நரம்புப் பாதையைத் துண்டிக்கத்தான் கட்டினார்கள்.

கதிரவன்: தேதியைப் பாருங்கள் நண்பரே. செவி நரம்புக் கட்டிக்கு 1969, ரத்தக்குழாய்ப் பின்னல் கோளாறுக்கு 1970. சி.டி. முதல் நோயாளியைப் படம் பிடித்ததே 1971இல்தான்.

தூண்டில்: ரத்தக்குழாய் ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில்) தெரியும், அதனால் முடிந்தது. மூளைக்குப் பரவிய புற்றுக்கட்டிகள்? இன்று இந்தச் சிகிச்சைக்கு வருபவர்களில் அவர்கள்தான் அதிகம். எம்.ஆர்.ஐ. இல்லாமல் அதில் கை வைக்க முடியுமா?

வாணி: இரண்டு பேரும் கோபால்ட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, மூலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1980களில் பியூனஸ் ஐரிசில் பெட்டி என்ற மருத்துவரும் இத்தாலியின் விசென்சாவில் கொலம்போ என்ற மருத்துவரும், கதிர்சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்கெனவே இருந்த லீனாக்கை (கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தால் எக்ஸ்ரே உண்டாக்கும் இயந்திரத்தை) வைத்தே இதைச் செய்தார்கள். பரவலுக்குக் காரணம் அதுதான். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஜான் ஆட்லர் தலைச் சட்டத்தையே கழற்றிவிட்டார்: சைபர்நைஃப் என்ற கருவி, 1994, ஸ்டான்ஃபோர்ட். மண்டையோட்டில் திருகாணி வேண்டாம்.

கதிரவன்: அந்த ஆட்லர் லெக்செல்லிடம் போய்ப் பயின்றவர்தானே, அம்மா?

தூண்டில்: பயின்றார். ஆனால் சட்டத்தைக் கழற்ற முடிந்தது, சிகிச்சையின் நடுவே எக்ஸ்ரே எடுத்து முந்தைய சி.டி. படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததால். மறுபடியும் படம்தான்!