சனிக்குப் போகும் கலத்துக்கு இறக்கை எதற்கு?

ஏராக்கட்டை (தங்கச்சிமடம்):
என் கதையில் வரும் கலம் பூமியைச் சுற்றும் பாதையிலேயே கட்டப்படுகிறது. சனி வரை போய்த் திரும்பும், எந்த மண்ணிலும் இறங்காது. அதற்கு வந்திருக்கும் அட்டைப்படத்தில் கூர்மூக்கு, பக்கத்துக்கு ஒரு இறக்கை. படம் அழகுதான், ஆனால் இது என் கலம் இல்லை.

மூன்று தலைமுறையாகப் படகு கட்டும் வீடு எங்களுடையது. ஆழமில்லாத வடகடலுக்கு ஒரு மாதிரி அடிப்பாகம், அலை பெரிதான தென்கடலுக்கு வேறு மாதிரி அடிப்பாகம் என்று அப்பா கடலைக் கேட்டுவிட்டுத்தான் ஏரா (படகின் அடிக்கட்டை) வைப்பார். தண்ணீரைக் கிழிக்கத்தான் அணியம் (படகின் முன்முனை) கூர்மை, காற்று தாங்கத்தான் இறக்கை. தண்ணீரும் காற்றும் இல்லாத இடத்தில் இவை எதற்கு? 1969இல் நிலவில் இறங்கிய ஊர்தியைப் பாருங்கள். நாலு கால், கோணல்மாணலான உடம்பு. காற்றே இல்லாத இடத்துக்கென்று செய்ததால் வந்த உருவம் அது. எனக்கு அதைவிட அழகான கலம் கிடையாது.

தூரிகை (தேவிபட்டினம்):
அண்ணே, அந்தப் படம் நான் வரைந்தது. கடையில் தொங்கும் புத்தகத்தை ஒருவர் இரண்டு விநாடிதான் பார்ப்பார். அதற்குள் இது நகரும் பொருள், இந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குப் புரிய வேண்டும். உங்கள் அப்பா கட்டும் படகின் அணியத்தில் பேரும் நட்சத்திரமும் எழுதுகிறோமே, அது தண்ணீரைக் கிழிக்கவா?

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துச் சண்டைக் காட்சிகளுக்கு இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படங்களைத்தான் மாதிரியாக வைத்தார்கள். வெற்றிடத்தில் எந்தக் கலமும் அப்படிச் சாய்ந்து வளையாது. ஆனாலும் பார்த்தவர்கள் கூடவே சாய்ந்தார்கள். உருவம் என்பது பார்ப்பவரோடு பேசும் மொழி. அதை நான் விட மாட்டேன்.

ஏராக்கட்டை:
எந்தப் பக்கம் போகிறது என்கிறீர்களே தம்பி, அங்கேதான் படம் பொய் சொல்கிறது. இந்தக் கலம் பாதி வழி வேகமெடுக்கும். அப்புறம் அப்படியே திரும்பி, எஞ்சினை எதிர்ப்பக்கம் எரித்து வேகத்தைக் குறைக்கும். சனியை நெருங்கும்போது முன்னால் போவது எஞ்சின்தான். அப்போது மூக்கு எது?

சன்னல்களும் சரியில்லை. கப்பல் தளம் மாதிரி நீளவாக்கில் வரிசை போட்டிருக்கிறீர்கள். எஞ்சின் தள்ளும்போது உள்ளே இருப்பவருக்கு எஞ்சின் இருக்கும் பக்கம்தான் கீழ். பாம்பன் கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிமேல் மாடி.

தூரிகை:
சன்னலை ஒத்துக்கொள்கிறேன், மாற்றித் தருகிறேன். இறக்கையும் மூக்கும் இருக்கட்டும்.

கீழக்கரை மாலுமி:
இருபது வருசம் கப்பல் எஞ்சின் அறையில் வெந்தவன் நான். இரண்டு பேரும் சூட்டை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். கப்பலில் எஞ்சின் சூட்டைக் கடல் வாங்கிக்கொள்ளும். கடல்நீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்த வேண்டியதுதான். ஏராக்கட்டைத் தம்பி எழுதிய கலத்தில் அணு உலை ஓடுகிறது. அந்தச் சூடு எங்கே போகும்?

மண்டபம் மாணவி:
காக்கா (அண்ணே), விண்வெளிதான் குளிராச்சே? வெளியே விட்டால் தானே ஆறிவிடாதா?

கீழக்கரை மாலுமி:
இல்லம்மா. கடலுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க்கில் தேநீர் விடியும்வரை சூடாக இருக்கிறதே, ஏன்? இரண்டு சுவருக்கும் நடுவில் வெற்றிடம். அதே வெற்றிடம்தான் கலத்தைச் சுற்றியும். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே காற்றும் இல்லை, நீரும் இல்லை. கதிராக வீசித்தான் தள்ள வேண்டும், அதற்கு அகலமான தகடு வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அம்மோனியா ஓடும் வெள்ளைத் தகடுகள் நீட்டிக்கொண்டிருப்பது இதற்குத்தான்.

1968இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் வியாழனுக்குப் போகும் கலத்துக்கும் இந்தத் தகடுகளை யோசித்தார்கள். பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று எடுத்துவிட்டார்கள். அதனால் ஏராக்கட்டை, இறக்கையை வெட்டச் சொல்லாதே. பெயரை மாற்று, வேலையைக் கொடு.

ஏராக்கட்டை:
காக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. உலையைப் பற்றி மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன், சூடு வெளியேறும் வழியை ஒரு வரிகூட எழுதவில்லை. காற்று இல்லை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு, கலத்துக்கு வேறென்ன தேவை என்று பார்க்காமல் விட்டது என் தப்பு. தம்பி, இறக்கை இருக்கட்டும். ஆனால் விமானம் மாதிரி வளைவு வேண்டாம். தட்டையாக, விளிம்பு சூரியனைப் பார்க்கிற மாதிரி. அகலப் பக்கத்தில் வெயில் பட்டால் அதுவே சூட்டை வாங்க ஆரம்பித்துவிடும்.

தூரிகை:
அப்படியென்றால் நிறம் என்ன? வெள்ளையா, சிவப்பா?

கீழக்கரை மாலுமி:
சூட்டைப் பொறுத்தது. நிலையத்தில் இருப்பவை ஒளிர்வதில்லை. எந்தப் பொருளும் சுமார் 525 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கண்ணுக்கு மங்கலான சிவப்பு தெரியத் தொடங்கும். கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் வீசும் சூடு பதினாறு மடங்கு. ஆகவே தகடு சிவக்கச் சிவக்கச் சின்னதாகப் போட்டாலும் போதும்.

தூரிகை:
அப்போது கொல்லன் உலையிலிருந்து எடுத்த படகு ஆணி கறுக்கும் முன்னால் ஒரு சிவப்பு காட்டுமே, அந்தச் சிவப்பு. பின்னணி முழுக்கக் கறுப்பு. நாளை இரவுக்குள் வரைந்து போடுகிறேன். மூக்கைப் பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணே.

ஏராக்கட்டை:
தகடு 600 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கதையிலும் அதையே எழுதிவிடுகிறேன். மூக்கோடு ஒன்று, மூக்கில்லாமல் ஒன்று வரைந்து போடுங்கள்.